ஒப்புக்கு வந்த கோல்கீப்பர்

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு காலத்தில் கால்பந்து அணி இருந்தது. அதைக் காப்பாற்றுவதற்காகத்தான் பெண்கள் ஹேண்ட்பால் அணியையே தொடங்கினார்கள். இப்போது அங்கே படிக்கிற பெண்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "நம்மகிட்டயா? கால்பந்து அணியா?" என்று கேட்கிறார்கள்.

சின்னப் பல்கலைக்கழகம் அது. மூன்று கட்டடங்கள், ஒரு மைதானம், மழை பெய்தால் ஒரு மூலை ஒழுகும் உள்ளரங்கம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே இடம் கிடைக்காதவர்களும், பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் படிக்க நினைத்தவர்களும் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஆனால் ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை. கால்பந்து அணி வருஷா வருஷம் மண்ணைக் கவ்வும். வருஷா வருஷம் "அடுத்த தடவை பாருங்க" என்று மீசையை முறுக்கும்.

அப்படி இருக்கும்போது பல்கலைக்கழகங்களின் விளையாட்டுச் சங்கம் புதிதாக ஒரு விதி போட்டது. பெண்கள் அணி ஒன்றுகூட இல்லாத பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணியைப் போட்டியில் சேர்க்க மாட்டோம் என்றது.

அந்தக் கடிதம் விளையாட்டுத் துறை இயக்குநரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும் மனிதர் அவர். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாரா மாட்டாரா என்று மாணவர்கள் பந்தயம் கட்டுவார்கள். அவருக்கு 'விசில்' என்றே பெயர். நேரில் மட்டும் 'சார்'. எந்த விளையாட்டில் இறங்கினால் சிரமம் குறைவு என்று விசில் யோசித்தார். கூடைப்பந்துக்கு அரங்கத்தில் கூடை கிடையாது. வாலிபாலுக்குக் கூரை தாழ்வு. ஹேண்ட்பால் கோல் கம்பங்கள் இரண்டு மட்டும், எந்தக் காலத்திலோ யாரோ வாங்கிப் போட்டவை, மேடைக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்தன. தீர்ந்தது பிரச்சினை. ஏழு பெண்கள் கிடைத்தால் போதும்.

ஆறு பேரைக் கெஞ்சியும் மிரட்டியும் சேர்த்துவிட்டார். ஏழாவது ஆள்தான் அகப்படவில்லை. அந்தக் கவலையோடு ஏதோ வேலையாகத் தேர்வுப் பிரிவுக்குப் போனவர், அங்கே ஒரு பெண் அலமாரியின் உச்சித் தட்டிலிருந்த விடைத்தாள் கட்டை ஸ்டூல் போடாமல், எம்பக்கூட எம்பாமல் எடுப்பதைப் பார்த்தார்.

அவள் அந்தப் பிரிவின் தட்டச்சர். வயது இருபத்து நான்கு. பகலில் தட்டச்சு, மாலையில் அதே கட்டடத்தின் மேல்மாடியில் பட்டப்படிப்பு. கல்யாணமாகி இரண்டு வருடம். உயரத்தை மறைக்கத் தோளைக் கொஞ்சம் குறுக்கியே நடப்பாள்.

"ஏம்மா, நீ ஈவினிங் ஸ்டூடண்ட்தானே?"

"ஆமா சார்."

"அப்போ நீ நம்ம மாணவி. கோல்கீப்பரா நிக்கிறியா?"

"எனக்குப் பந்து பிடிக்கவே தெரியாது சார்."

"யாரு பிடிக்கச் சொன்னா? மேல பட்டாப் போதும்."

முடியாது என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அதற்குள் விசில், "ஆட்டம் இருக்கிற நாள்ல அரை நாள் லீவு, சம்பளப் பிடித்தம் இல்லாம" என்று சேர்த்துக்கொண்டார். அரை நாள் லீவில் உட்கார்ந்து பாடம் படிக்கலாமே என்று அவள் நினைத்தாள். பின்னாளில் யார் கேட்டாலும் ஒளிக்காமல் இதைத்தான் சொன்னாள். விளையாட்டின் மேல் ஆசையா, லட்சியமா, ஒன்றும் கிடையாது. லீவுக்காக வந்தவள்.

ஹேண்ட்பால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கால்பந்தைக் கையால் ஆடினால் எப்படியோ அப்படி. கோலுக்கு முன்னால் வளைவாக ஒரு கோடு இருக்கும். எறிகிறவள் அந்தக் கோட்டுக்கு வெளியே காலூன்றி எம்பி, காற்றில் பறந்தபடியே கோலுக்குக் கிட்டே வந்து முழு பலத்தோடு எறிவாள். கோல்கீப்பருக்கு யோசிக்க நேரம் இருக்காது. கையையும் காலையும் விரித்துக்கொண்டு பந்தின் வழியில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மனித உடம்பு தானாகச் செய்ய விரும்பாத காரியம் அது.

முதல் ஆட்டம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு. வெளுத்து வாங்கிவிட்டார்கள். நாற்பது கோலுக்கு மேல் எண்ணுகிறவருக்கே சலித்துப்போயிற்று. அவள் ஒவ்வொரு பந்துக்கும் கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். பந்து போன பிறகு கை தூக்கினாள். பார்க்க வந்திருந்த கால்பந்து அணிப் பையன்களில் ஒருவன், "அக்கா, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க, காத்து வருது!" என்று கத்தினான். அரங்கமே சிரித்தது. அன்றைக்கு அவளுக்குக் 'கதவு' என்று பெயர் விழுந்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்போடேயே குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அது ஓடுகிற சத்தத்தில் அழுதுவிட்டு வந்தாள்.

இன்னும் சில ஆட்டங்களோடு விட்டிருப்பாள். விடாமல் செய்தது அவளுடைய மாமியார்.

நடந்தது இதுதான். நாலைந்து ஆட்டங்களில் அவள் கையிலும் தொடையிலும் கன்றிப்போன தடங்கள் வந்துவிட்டன. சில நீலம், சில ஊதா, பழையவை மஞ்சள். விளையாடுகிறேன் என்று புருஷனிடம் மட்டும் சொல்லியிருந்தாள், மாமியாரிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் மாடிப்படியில் அவள் கையைப் பார்த்துவிட்டு நேரே மாமியாரிடம் போய், குரலைத் தாழ்த்தி, "தப்பா நினைக்காதீங்க. உங்க பையன் கை நீட்டுறானா?" என்று கேட்டுவிட்டாள்.

மாமியார் வாய் பேசுகிற ஆள். அன்றைக்கு மருமகளைக் கூப்பிட்டுக்கூடக் கேட்கவில்லை. மகன் வேலையிலிருந்து வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் குளிர்பெட்டி பழுதுபார்க்கும் மெக்கானிக். பேச்சு குறைவு, சத்தம் போட்டே யாரும் கேட்டதில்லை. அவன் உள்ளே வந்து கருவிப்பையைக் கீழே வைத்ததும் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார்.

"உங்கப்பா ஒருநாள் என்மேல கை வெச்சதில்லடா. உனக்கு எங்கேருந்துடா வந்துச்சு இது?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். சமையலறையிலிருந்து அவள் ஓடி வந்து, "ஐயோ அத்தை, அவர் இல்ல! பந்து!" என்றாள்.

"என்ன பந்து?"

சொன்னாள். மாமியார் நம்பவில்லை. புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்றே நினைத்தார். அடுத்த ஆட்டத்துக்குக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். முதல் பந்து மருமகளின் தோளில் பட்டுத் தெறித்ததுமே எழுந்துவிட்டார். "ஏய், ஆளு நிக்கிறது கண்ணு தெரியல? பார்த்து எறியமாட்டியா?" என்று எதிரணிப் பெண்ணைப் பார்த்துக் கத்தினார். நடுவர் வந்து சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மருமகளிடம் கேட்டார்.

"நீ ஏன் கண்ணை மூடுறே?"

"பயமா இருக்கு அத்தை."

"மூடினா அடி படாமலா இருக்கு? படுற அடி படத்தான் போகுது. பார்த்துக்கிட்டே படு."

பிறகு மகன் பக்கம் திரும்பி, கன்னத்தில் விட்டதற்கு வருத்தமெல்லாம் தெரிவிக்காமல், "நீ சும்மாதானே உட்கார்ந்திருக்கே, அவளுக்கு எறிஞ்சு பழக்கேன்" என்றார்.

அவர்கள் வீட்டில் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு நடை உண்டு. ஒரு கோடியில் அவள் நிற்பாள். மறுகோடியில் அவன் பழைய காலுறைகளைச் சுருட்டிக் கட்டிய உருண்டைகளை எறிவான். கண்ணை மூடாமல் இருப்பது மட்டும்தான் பயிற்சி. முதலில் மெதுவாக, போகப் போக வேகமாக, பிறகு ஈரத் துணி உருண்டை. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டதைவிட அந்த நடையில் அதிகம் பேசினார்கள். "மூடிட்டே." "இல்ல." "மூடினே, பார்த்தேன்." "சரி, இன்னொண்ணு போடுங்க." சுவரில் ஈரத்தடம் விழுந்தது. மாமியார் முணுமுணுத்துக்கொண்டே துடைத்தார். ஒருநாள் மூக்குக்கு நேரே வந்த உருண்டையை அவள் கடைசிவரை பார்த்தாள். அதன் முடிச்சு தெரிந்தது, முடிச்சில் தொங்கிய நூல்கூடத் தெரிந்தது. கை தானாக எழுந்து தட்டியது. அவன் நடந்து வந்து அவள் தலையை ஒருமுறை தொட்டுவிட்டு, உருண்டையைப் பொறுக்கிக்கொண்டு மறுபடி தன் இடத்துக்குப் போனான்.

அந்தப் பருவம் முழுக்கத் தோற்றார்கள். அடுத்த பருவத்திலும் அநேகமாகத் தோற்றார்கள். ஆனால் நாற்பது முப்பதாயிற்று, முப்பது இருபதாயிற்று. தோளைக் குறுக்கி நடப்பதை அவள் எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. மூன்றாம் பருவத்தில் முதல் வெற்றி வந்தது. ஒரே கோல் வித்தியாசம்தான். ஆட்டம் முடிந்ததும் ஏழு பேருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை; ஜெயித்தால் எப்படிக் கொண்டாட வேண்டும் என்று யாரும் பழகியிருக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அசடு வழிய நின்றார்கள். விசில்தான் ஓடிவந்து, விசிலை ஊதி ஊதி, மூச்சு வாங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டார். 'கதவு' என்று சிரித்த அதே வாய்கள் அன்றைக்கு 'கதவு, கதவு' என்று கைதட்டிக் கூப்பிட்டன. பெயர் அதேதான்; அர்த்தம் மட்டும் அடியோடு மாறிவிட்டது.

படிப்பு முடிந்தால் அணியில் இருக்க முடியாது. அதனால் கடைசித் தாள் ஒன்றை எழுதாமலே தள்ளிப்போட்டாள். தேர்வுப் பிரிவில் வேலை பார்ப்பவளே அரியர் வைத்திருக்கிறாளே என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். விட்டுக்கொடுக்கவில்லை.

அது அவளுடைய கடைசிப் பருவமாக இருக்கும் என்று அவள் நினைக்காத ஒரு பருவத்தில், சாதாரணமான ஒரு ஆட்டத்தில், வலது ஓரத்திலிருந்து எம்பிய எதிரணிப் பெண் எறிந்த பந்து இடது கண்ணில் பட்டது. தலைக்கு மேலே போக வேண்டிய பந்து. கை வழுக்கியதால் தாழ்ந்துவிட்டது. அவள் கண்ணை மூடவில்லை. மூடாமல் பழகியிருந்தாள்.

எறிந்த பெண் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். கண்ணில் கட்டுடன் இவள்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னாள். "நீ எறியத்தானே வந்தே. நான் நிக்கத்தான் வந்தேன். இதுல யார் தப்பு?" டாக்டர்கள் தங்களால் ஆனதைச் செய்து பார்த்தார்கள். இடது கண்ணில் வெளிச்சம் இருட்டு மட்டும் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் திரும்பவில்லை.

தட்டச்சுக்குக் கண் தேவைப்படவில்லை, விரல்கள் போதும். மற்றதெல்லாம் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. டீயைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினாள். படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கால் வைப்பாள், இன்னும் ஒரு படி இருக்கும். இடப்பக்கத்திலிருந்து யாராவது பேசினால் திடுக்கிடுவாள். கணவன் சொல்லாமலே தெருவில் அவளுக்கு இடப்பக்கமாக நடக்கத் தொடங்கினான். "பார்த்துக்கிட்டே படு" என்று சொன்ன மாமியார் அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரே ஒருதரம், காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, கத்தியை வைத்துவிட்டு, "நான் சொல்லாம இருந்திருக்கணும்" என்றார். "நீங்க சொல்லலைன்னா நான் அப்பவே ஓடியிருப்பேன் அத்தை. அது நல்லாவா இருந்திருக்கும்?" என்றாள் இவள். மாமியார் மறுபடி காயை நறுக்க ஆரம்பித்தார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று கேட்டவளுக்கும் நிச்சயமாகத் தெரியாது.

மிச்சமிருந்த தாளை எழுதிப் பட்டம் வாங்கினாள். ஒரு மகள் பிறந்தாள்.

மகள் தத்தித் தத்தி நடக்கிற வயதில், பல்கலைக்கழகம் கால்பந்து அணியைக் கலைத்துவிட்டது. செலவு தாங்கவில்லை, ஜெயிப்பதும் இல்லை. அணியைக் காப்பாற்ற ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்த பெண்கள் அணி மட்டும் மிஞ்சியது. கால்பந்தே இல்லையென்றான பிறகு இது எதற்கு என்று மேலிடத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஓய்வு பெறும் வயதிலிருந்த விசிலுக்கு மல்லுக்கட்டத் தெம்பில்லை. 'கதவு' என்று பேர் வாங்கிய அவள்தான் பதிவாளர் அறைக்குப் போனாள்.

பதிவாளர் கெட்ட மனிதர் இல்லை. அவளை உட்காரச் சொன்னார். "நானும் யோசிச்சுப் பார்த்தேன்ம்மா. அந்த அணி எதுக்கு வேணும்னு மேல கேட்டா என்ன காரணம் சொல்றது? நீயே சொல்லு."

வரும் வழியில் பெரிதாக என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை. "காரணம்னு ஒண்ணும் இல்ல சார். அரங்கத்துல இப்போ அவங்க விளையாடிக்கிட்டு இருக்காங்க. போய் நிறுத்தச் சொல்லணும்னா யாராவது போய்ச் சொல்லணும். நான் போக மாட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "பயிற்சியாளருக்குச் சம்பளம் கிடையாது" என்றார்.

"நான் பார்த்துக்கிறேன்."

"ஒரு வருஷம்தான்."

அந்த ஒரு வருஷம் அப்படியே நீண்டுகொண்டு போயிற்று. நிறுத்தச் சொல்லி யாரும் போகவில்லை, அவ்வளவுதான். காலையில் அலுவலகம் திறக்கும் முன் பயிற்சி. விசில் ஓய்வு பெற்றபோது விசிலைக் கையோடு கொண்டுபோய்விட்டார். அவள் கைதட்டித்தான் பயிற்சி கொடுத்தாள். ஒரு கண்ணால் அரங்கம் முழுவதும் தெரிய வேண்டும் என்பதால் எப்போதும் இடது ஓரத்து மூலையில் நின்றாள். அந்த அணி ஒருபோதும் கோப்பை வென்றதில்லை. ஆனால் அவர்களைச் சுலபமாக அடித்துவிடலாம் என்று யாரும் நினைக்காத அணியாக ஆயிற்று.

மகள் வளர்ந்தாள். அம்மாவின் உயரம், பாட்டியின் வாய். இதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, முதல் வாரமே பயிற்சிக்கு வந்து நின்றாள்.

"ஓரத்துல, விங்ல ஆடு. உனக்கு ஓட்டம் நல்லா இருக்கு" என்றாள் கதவு.

"நான் கோல்ல நிக்கிறேன்."

"வேண்டாம்."

"ஏன்?"

"கோல்கீப்பர் ஏற்கெனவே இருக்கா."

இருந்தாள்தான். ரொட்டி அடுமனைக்காரர் ஒருவரின் மகள், வேதியியல் மாணவி, துணிச்சல்காரி. வீட்டில் சாப்பாட்டு மேசையில் பேச்சு மறுபடி எழுந்தது. மகள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"உன் கண்ணு போனதாலதானே என்னை விடமாட்டேங்குற?"

"ஆமா." பொய் சொல்லத் தோன்றவில்லை.

"அப்போ அந்த அக்கா நிக்கலாமா? அதுக்கு முன்னால நின்னவங்க? வருஷா வருஷம் ஒருத்தியை நிறுத்துறியே, அவங்கல்லாம் யாரு பொண்ணும்மா?"

கணவன் தலை நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அவள் எழுந்துபோய்த் தட்டைக் கழுவினாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

மறுநாள் காலை வழக்கமான மூலையில் நின்று, அடுமனைக்காரர் மகளைப் பார்த்தாள். எத்தனையோ மாதமாகப் பார்க்கிறவள்தான். கால் எங்கே வைக்கிறாள், கை எவ்வளவு உயர்கிறது, கண் மூடுகிறாளா என்றெல்லாம் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. விடியற்காலையில் அப்பாவுக்கு உதவிவிட்டு வந்திருக்கிறாள். ஒரு பந்து அவள் காதோரம் உரசிப் போனது. கதவு கைதட்டிப் பயிற்சியை நிறுத்திவிட்டாள். இத்தனை வருடமும் தைரியம் என்று பெயர் வைத்து, பத்துப் பதினைந்து பெண்களைத் தன் இடத்தில் நிறுத்தியிருக்கிறோம், தன் மகள் என்றதும் மட்டும் அது ஆபத்து ஆகிவிட்டது என்பது அவளுக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது.

கடைத்தெருவில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் இருந்தார். உடையாத கண்ணாடி கிடைக்குமா என்று கேட்டாள். ஆலைத் தொழிலாளிகள் போடுகிற வகை ஒன்றைக் காட்டினார். கனம் அதிகம், ஓரம் வெட்டும். அதை வீட்டுக்கு எடுத்துவந்தாள். கணவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குளிர்பெட்டிக் கதவின் ஓரத்தில் வைக்கிற ரப்பர் பட்டையை அளவாக நறுக்கி, ஓரம் முழுக்க ஒட்டினான். பின்னால் அகலமான நாடா தைத்தாள். மகளுக்கு மாட்டிப் பார்த்தார்கள். "தவளை மாதிரி இருக்கேன்" என்றாள் மகள். கணவன் பழைய பழக்கத்தில் ஒரு காலுறை உருண்டையைச் சட்டென்று எறிந்தான். கண்ணாடியில் பட்டு விழுந்தது.

ஆட்டத்தில் அடுமனைக்காரர் மகள்தான் அதை முதலில் அணிந்தாள். அந்தப் பருவத்தில் அணி நன்றாக ஆடியது. அரையிறுதிக்குப் போக இன்னும் ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்த அணியும் அதுவரை அரையிறுதி பார்த்ததில்லை. ஆட்டம் தொடங்கப் போகும் நேரத்தில் எதிரணிப் பயிற்சியாளர் நடுவரிடம் போய்க் கண்ணாடியைக் காட்டினார். நடுவர் வந்தார்.

"இதைக் கழட்டணும்மா. மத்தவங்க மேல பட்டா காயமாகும். விதியில இதுக்கு இடம் இல்ல."

"கூடாதுன்னு விதியில இருக்கா சார்?"

"இருக்குன்னும் இல்ல, இல்லைன்னும் இல்ல. சந்தேகம்னா நான் கழட்டத்தான் சொல்லணும்."

அடுமனைக்காரர் மகள் கையை நாடாவுக்குக் கொண்டுபோனாள். "அக்கா, பரவாயில்ல. இன்னைக்கு ஒருநாள்தானே. கழட்டிட்டு நிக்கிறேன்." மற்ற பெண்களும் கதவின் முகத்தையே பார்த்தார்கள். இடது மூலையில் நின்றுகொண்டிருந்த அவளுக்கும் ஆசை இருந்தது. அரையிறுதி. எத்தனை வருடம்! ஒருநாள்தானே என்ற சொல் அவள் மனதுக்குள்ளும் ஓடியது. தனக்குக் கண் போனதும் ஒருநாள்தான்.

"கழட்ட வேண்டாம். எல்லாரும் பையை எடுங்க" என்றாள்.

ஆடாமலே தோற்றார்கள். பேருந்தில் ஒருவரும் அவளிடம் பேசவில்லை. அணித்தலைவி ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. இன்னொரு பெண் அணியை விட்டே போய்விட்டாள். போகும்போது, "உங்க பயத்துக்கு எங்க ஆட்டமா அக்கா?" என்று கேட்டாள். "இருக்கலாம்மா" என்றாள் கதவு. அந்தக் கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை.

விளையாட்டுச் சங்கத்துக்கு அவள் நேரில் போய் முறையிட்டாள். தலையாட்டி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அதே பருவத்தில் பெரிய பல்கலைக்கழகத்துக் கோல்கீப்பருக்குக் கன்னத்தெலும்பு உடைந்தது. அவளுடைய பெற்றோர் சத்தம் போட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டது. அடுத்த பருவத்துக்குள் கோல்கீப்பர் கண்ணாடி அணியலாம் என்று விதி வந்துவிட்டது. "நாம சொன்னப்போ காது அடைச்சிருந்துச்சு போல" என்றான் கணவன். "எப்படியோ திறந்துச்சே" என்றாள் அவள். உள்ளுக்குள் கசப்பு இருந்ததை அவனிடம் மறைக்க முடியவில்லை.

விதி வந்ததும் மகள் மறுபடி வந்து நின்றாள். இப்போது மறுக்க அவளிடம் காரணம் இல்லை. அடுமனைக்காரர் மகள் படிப்பை முடித்துக்கொண்டு போயிருந்தாள். மகள் ரப்பர் பட்டைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பருவம் முழுக்கக் கோலில் நின்றாள். மாமியார் அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் முன்வரிசையில் உட்கார்ந்து எதிரணியை ஒரு வழி பண்ணியிருப்பார். கதவு மூலையில் நின்று ஒவ்வொரு பந்தையும் பார்த்தாள். தன்மேல் பந்து வந்தபோது மூடாத கண்ணை, மகள்மேல் வந்தபோது பலமுறை மூடினாள். மகளுக்கு அடி ஒன்றும் படவில்லை. சொல்லும்படி பெரிதாக எதையும் தடுக்கவும் இல்லை.

பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்து இரண்டு பேரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். மகள் தொண்டையைக் கனைத்தாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"அடுத்த வருஷம் நான் கோல்ல நிக்கல. விங்ல ஆடுறேன்."

அம்மா அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "ஏன், எங்கயாவது பட்டுச்சா? கண்ணு வலிக்குதா?"

"அதெல்லாம் இல்ல. போரடிக்குது. எல்லாரும் அந்தப் பக்கம் ஓடிடுறாங்க, நான் மட்டும் தனியா நிக்கிறேன். நீ எப்படித்தான் அத்தனை வருஷம் நின்னியோ!"

கதவு அவளையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, பையைக் கீழே வைத்துவிட்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதுக்காடி..." என்று ஆரம்பித்தாள், முடிக்க முடியவில்லை. மகளுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. பேருந்து வந்து, அதன் கதவு திறந்து, இவர்கள் ஏறாததைப் பார்த்துப் போயே போய்விட்டது.

போன ஆண்டு கதவு தேர்வுப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றாள். பயிற்சிக்கு மட்டும் காலையில் போகிறாள். வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மகள் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள், அங்கே ஓய்வு நாட்களில் விங்கில் ஆடுகிறாள். இப்போது கோலில் நிற்பவள் முதலாண்டு மாணவி, குள்ளம், ஆனால் பூனைபோல் தாவுகிறாள். அவளைத் தேர்ந்தெடுத்த அன்று மாலை கதவு பேருந்து ஏறி அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். புதிதாக யாரை நிறுத்தினாலும் இப்போதெல்லாம் இப்படிப் போகிறாள். அந்தப் பெண்ணின் அம்மா வாசற்கதவைத் திறந்ததும், தான் யாரென்று சொல்லி, தன் இடது கண்ணைக் காட்டி, என்ன ஆகலாம், என்ன ஆகாமல் இருக்க என்ன செய்திருக்கிறோம் என்று விளக்கினாள்.

அந்த அம்மா, "இப்படி ஆகும்னு முன்னாலயே தெரிஞ்சிருந்தா நீங்க நின்னிருப்பீங்களா?" என்று கேட்டார்.

"அது எனக்கு இன்னும் தெரியலைங்க" என்றாள் கதவு. "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல நான் வரல. நீங்களும் உங்க பொண்ணும் உட்கார்ந்து பேசிச் சொல்லுங்க. நான் வெளிய இருக்கேன்."

வெளியே மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே அம்மாவும் மகளும் வாக்குவாதம் செய்யும் சத்தம் கேட்டது. அவசரம் ஒன்றும் இல்லை. காலை நீட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.